ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்

பிப்ரவரி 24, செவ்வாய்

பள்ளியிலிருந்து மறுபடியும் குறிப்பு. "கவனம் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை." போன மாதமும் இதே வாக்கியம்தான். ஆறு வயதில் இத்தனை திமிரா? வீட்டிலும் அப்படித்தான். நான்கு முறை கூப்பிட்டால் ஐந்தாவது முறை "என்னாஆ?" என்பாள், அதுவும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி. மெதுவாகப் பேசவே வராது. அதனால்தான் அவள் அப்பா டமாரம் என்று பெயர் வைத்தார். இப்போது யாராவது அவளுடைய நிஜப் பெயரைச் சொன்னால் எனக்கே ஒரு நொடி யாரோ என்று தோன்றுகிறது.

கடையில் இன்று பதினேழு கண்ணாடி. லென்ஸ் தேய்க்கும் எந்திரம் நாள் முழுக்க அலறியது. நகக்கண்ணில் வெள்ளைத் தூள், தேய்த்துக் கழுவினாலும் போகவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

சின்னு வந்தாள். அவருடைய தங்கை. பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்க முப்பது குழந்தைகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் டமாரத்தைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறாள். எனக்குப் பொறாமையா? கொஞ்சம். என்னிடம் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவள் அத்தையிடம் மட்டும் கதை கதையாக அளக்கிறாள்.

சறுக்குமரத்திலிருந்து இறங்கும்போது குப்புற விழுந்து நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைப்பு. அழுததென்னவோ சின்னுதான்.

"ஒரு நிமிஷம்தான் அண்ணி போனைப் பாத்தேன். அதுக்குள்ள…"

"குழந்தைன்னா விழத்தான் செய்யும். விடு" என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

புடைப்பு வற்றிவிட்டது. சமையலறையில் அவரிடம் மெல்லிய குரலில், பிறந்தநாளுக்குப் பேசும் பொம்மை வாங்கலாமா என்று கேட்டேன். அடுத்த அறையிலிருந்து உடனே: "எனக்கா பொம்மை?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேண்டியது மட்டும் காதில் விழும் இவளுக்கு.

மார்ச் 5, வியாழன்

இன்று நாளே சரியில்லை. ஒருவருடைய லென்ஸை அச்சு மாற்றித் தேய்த்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர் "தரை சாயுது" என்றார். முதலாளி அவர் முன்னாலேயே, "கண்ணாடிக் கடைல வேலை பாக்கறவளுக்கே கண்ணு தெரியலைன்னா எப்படி?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் கேவலம்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனேன். போகும்போது சொன்னேன் — நிரம்பினா மூடுன்னு சொன்னேன் — பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் தண்ணீர் கூடம் வரை. அவள் அசையவில்லை. கூப்பிட்டேன். கூப்பிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க — கடையில் சிரிச்சாங்களே அவங்க எல்லாரும் அந்த முதுகுல உக்காந்திருந்த மாதிரி —

"காது செவிடா உனக்கு?"

அடித்துவிட்டேன். கையை விரித்து, இடது காதோடு சேர்த்து. பலமாகத்தான். சாய்ந்து சோபாவின் கைப்பிடியில் இடித்துக்கொண்டாள். அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம், "அம்மா, ஊ-ன்னு சத்தம் வருது" என்றாள்.

"வரட்டும்" என்றேன்.

அடிக்காத அம்மா யார் இருக்கிறாள்? என் அம்மா கரண்டியால் அடிப்பாள்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் எழுந்தவள் கட்டிலிலிருந்து இறங்கி நேராகச் சுவரில் போய் மோதினாள். வாந்தி எடுத்தாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் என்னை வலது பக்கம் தேடுகிறாள். விளையாடுகிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு கைதட்டிப் பார்த்தார். இடது காதுக்குப் பக்கத்தில் இரண்டு பாத்திரங்களை மோதினார். அவள் கண்கூடச் சிமிட்டவில்லை.

"எப்ப இருந்து இப்படி?"

என்னைத்தான் கேட்டார். அந்த ஒரு நொடி — இப்போது எழுதும்போதும் அந்த நொடி எவ்வளவு நீளம் என்று தெரிகிறது, வேண்டியதை எல்லாம் சொல்லியிருக்கலாம் — நான் சொன்னது: "ரெண்டு மூணு நாளாவே ஒரு மாதிரிதான் இருந்தா."

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரி. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கட்டையைப் பெட்டிக்குள் போடு என்றார்கள். வலது காதுக்கு ஏழெட்டுக் கட்டை விழுந்தது, அதுவும் சத்தத்தைக் கூட்டியபிறகு. இடது காதுக்கு ஒன்றுமே இல்லை. கையில் கட்டையை வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் தலையாட்டினால் போடலாம் என்று காத்திருந்தாள்.

காது டாக்டர் சின்ன உருவம், அவசரமே இல்லாத பெண்மணி. செவிப்பறை நன்றாக இருக்கிறது, கோளாறு உள்ளே என்றார்.

"பொறந்தப்ப சோதிச்சாங்களா?"

"சோதிச்சாங்க. நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"தலையில எங்கயாவது அடி பட்டுச்சா?"

அவர் முந்திக்கொண்டார். "ஒண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமை பார்க்குல விழுந்தா. என் தங்கச்சி கூட்டிட்டுப் போயிருந்தா."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "அதுக்கு அப்புறம்தான் கேக்கலையா?" என்றார்.

"ஆமா. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தான்."

எழுதிக்கொண்டார். பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

மார்ச் 12, வியாழன்

ஸ்கேன் வந்தது. டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். உள்காதிலிருந்து மூளைப் பக்கம் போகும் ஒரு மெல்லிய கால்வாய் எல்லோருக்கும் உண்டாம். இவளுக்கு அது இரண்டு பக்கமும் அகலமாக இருக்கிறது, தாயின் வயிற்றிலேயே அப்படி உருவாகிவிட்டது. இப்படிப்பட்ட காது கொஞ்ச நாள் கேட்கும், கொஞ்ச நாள் மந்தமாகும், மறுபடி கேட்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குறிப்புகளுக்கெல்லாம் அர்த்தம் இதுதான். திமிர் இல்லை. அன்றைக்கு நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டே இருக்காது.

"தலையில சின்ன அடி பட்டாக்கூட சட்டுனு போயிடும். மத்த குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாத அடி இவங்களுக்குப் போதும். இன்னொரு காதைப் பத்திரமாப் பாத்துக்கணும்."

வெளியே வந்ததும் அவர் சுவரில் கையை ஓங்கிக் குத்தினார். லிஃப்ட் பழுது பார்க்கிற கை, சுவரில் காரை உதிர்ந்தது. "உன்னை நம்பித்தானேடி அனுப்பினேன்" என்று போனில் கத்தினார். மறுமுனையில் சின்னு.

மாத்திரை பத்து நாளைக்கு. திரும்பக் கேட்டால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

அவளுடைய வலது காதில் வாயை வைத்துச் சொன்னேன்: "அம்மா அடிச்சதை யார்கிட்டயும் வாயால சொல்லக்கூடாது. சொன்னா அப்பா அம்மாவை வெளிய அனுப்பிடுவாரு." தலையாட்டினாள்.

மார்ச் 15, ஞாயிறு

சின்னு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, என்னை நாலு அடி அடிங்க. ஏதாவது சொல்லுங்க அண்ணி." அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டமாரம் ஓடிவந்து அத்தையின் முதுகில் ஏறிக் குதிரை ஆடப் பார்த்தாள்.

நான் குனிந்து அவளை எழுப்பி, "மன்னிச்சுட்டேன். எழுந்திரு" என்றேன்.

மன்னித்தேனாம். நான். எழுதிப் பார்க்கிறேன், எழுத்து நேராகத்தான் வருகிறது.

மார்ச் 24, செவ்வாய்

மாத்திரை முடிந்தது. இடது காது திரும்பவில்லை.

ஏப்ரல் 11, சனி

சின்னு வேலையை விட்டுவிட்டாள். "அடுத்தவங்க குழந்தையை எப்படி அண்ணி என் கையில குடுப்பாங்க?" என்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. தானாகப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்கத் தாள் அடுக்குகிறாள்.

"உன் இஷ்டம்" என்றார் அவர். அதற்கு மேல் தங்கையோடு பேசுவதில்லை.

எனக்கு ஒரு வாக்கியம் போதும். "சின்னு, அது வியாழக்கிழமை" — மூணே சொல். இன்று அவள் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். டம்ளர் காலியாகிற வரை எனக்கு நேரம் இருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மார்ச் 3-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். பொம்மை என்று நான் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்ட நாள். கிழித்தால் பின்பக்கத் தாளும் கழன்று வருகிறது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மரபணு சோதனை. டாக்டர் கேட்டார், "சொந்தத்துல கல்யாணமா?" இல்லை என்றோம். "உங்க பக்கம் யாருக்காவது காது கேக்காதா? கழுத்துல வீக்கம்?" இல்லை, இல்லை. திரும்பி வரும் வழியில் அவர், "உங்க பெரியப்பா ஒருத்தர் எதைக் கேட்டாலும் ரெண்டு தடவை கேப்பாரே" என்றார். "அவருக்கு எழுபத்தஞ்சு வயசு" என்றேன். "உங்க அத்தை கழுத்துல எப்பவும் ஒரு துண்டு சுத்தியிருப்பாங்களே, அது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். வீடு வரும்வரை இரண்டு குடும்பத்துச் செத்தவர்களையும் தோண்டியெடுத்துக் காதையும் கழுத்தையும் பரிசோதித்தோம்.

அவர் பக்கமாக இருக்க வேண்டும். அது மட்டும்தான் என் ஆசை.

மே 17, ஞாயிறு

ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது. ஊஞ்சல் கிடையாது, சைக்கிள் கிடையாது, மாடிப்படியில் கையைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே தலைக்கவசம் மாட்டி விடுகிறேன். வியர்த்துக் கழுத்தெல்லாம் கொப்புளம். அழுகிறாள். மேசையின் முனைகளில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். "எவ்வளவு பொறுமை பாரு இவளுக்கு" என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

ஜூன் 8, திங்கள்

முடிவு வந்துவிட்டது.

டாக்டர் ஒரு தாளில் வரைந்தார். "ஒவ்வொரு மரபணுவும் எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கும். அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்த மரபணுல ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. நல்லது ஒண்ணு இருக்கறதால உங்களுக்குக் காது கேக்குது. குழந்தைக்கு ரெண்டு பழுதும் சேர்ந்து வந்துடுச்சு." தைராய்டு பின்னால் வீங்கலாம், வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார்.

"அடுத்த குழந்தைக்கு?" என்றார் அவர்.

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பு."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "அப்ப டாக்டர், அவ விழாம இருந்திருந்தா?"

"சொல்ல முடியாது. அடி பட்டா சீக்கிரம் போகும். படாட்டியும் போகலாம்."

போகலாம். அந்த 'லாம்' போதும் எனக்கு, அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். படாமலே போயிருக்கலாம். அன்றைக்கு நான் அடிக்காமல் இருந்திருந்தாலும் அடுத்த வாரமோ அடுத்த மாதமோ — போயிருக்கலாம் இல்லையா? ஆனால் அடித்த கை, மறுநாள் காலை. இந்த இரண்டையும் வேறு யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் மட்டும்.

கொடுத்ததும் நான், பறித்ததும் நான். கொடுத்ததில் பாதிதான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 9, செவ்வாய்

அவரிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "ஏங்க, அன்னிக்கு வியாழக்கிழமை —" அவர் டமாரத்தின் தலையை மடியில் வைத்துக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே, "வேணும்னே எவனாவது அடிச்சிருந்தா அவன் கையை ஒடிச்சுப் போட்டிருப்பேன். சொந்தத் தங்கச்சியாப் போயிட்டா" என்றார். "வியாழக்கிழமை என்ன?"

"சிலிண்டர்காரன் வந்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

ஜூலை 18, சனி

டமாரத்துக்குச் சளிக் காய்ச்சல்.

ஜூலை 20, திங்கள்

வலது காதும்.

ஜூலை 22, புதன்

யாரும் தொடவில்லை. விழவில்லை, இடிக்கவில்லை, தலைக்கவசத்தோடு படுத்திருந்தாள். வெறும் காய்ச்சல். காலையில் என் வாயைப் பார்த்தாள். நான் பேசப் பேச வாயை மட்டும் பார்த்தாள், பிறகு கையால் என் உதட்டைத் தொட்டாள். "சத்தமாப் பேசு" என்று கத்தினாள். தெருவே கேட்டது, அவளைத் தவிர.

டாக்டர், "காய்ச்சல்லயும் இப்படி ஆகும். உங்க மேல தப்பு இல்லை" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். நான் அழுதேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் தண்ணீர் கொடுத்தார். என்ன மரியாதை, என்ன கரிசனம் எனக்கு.

தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். நான்கு மாதம் அந்தக் குழந்தையை ஓடவிடவில்லை. கேட்கிற காதோடு ஓடியிருப்பாள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனுக்குப் பதிவு செய்திருக்கிறோம். முறை வர மாதங்கள் ஆகுமாம். அதுவரை சைகை மொழி சொல்லித்தரும் பள்ளி. பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. எனக்குக் கடை நேரம் ஒத்துவரவில்லை. சின்னு சேர்ந்துவிட்டாள். அவர் மறுக்கவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு தங்கையிடம் ஒரு வார்த்தை பேசினார்: "சாப்பிட்டியா?" அந்தப் பெண் அதற்கே தேம்பித் தேம்பி அழுதது.

செப்டம்பர் 25, வெள்ளி

அத்தையும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்து கையால் பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு 'சாப்பாடு', 'தூக்கம்', 'வேண்டாம்' மூன்றுதான் தெரியும். என் வீட்டில் எனக்குப் புரியாமல் ஒரு பேச்சு நடக்கிறது. என்னைப் பற்றியா?

அக்டோபர் 9, வெள்ளி

பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தைகள் வீட்டில் உள்ளவர்களுக்குச் சைகைப் பெயர் வைத்திருக்கிறார்களாம். பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டுவதற்குப் பதிலாக, ஆளைப் பார்த்து ஒரு சைகை.

டமாரம் நடுவில் வந்து நின்றாள். அப்பாவுக்குத் திருப்புளி திருகுவதுபோல் மணிக்கட்டைத் திருப்பினாள். எல்லோரும் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள், அதுதான் கைத்தட்டல். அத்தைக்கு ஒரு கையின் மேலிருந்து இன்னொரு கையை வழுக்கிவிட்டாள். சறுக்குமரம். சின்னு முகத்தை மூடிக்கொண்டாள். ஆசிரியை பதறிப்போய், "அய்யோ, இல்லைங்க. அத்தைதான் என்னைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அதான் அந்தப் பேருன்னு சொன்னா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தாள். கையை விரித்து, இடது காதின் மேல் பட்டென்று வைத்தாள்.

"இது ஏன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா" என்றார் ஆசிரியை.

அவள் அப்பா சிரித்தார். "தூங்க வைப்பால்ல, கன்னத்துல கையை வெச்சு. அதான்."

முகத்தில் கோபம் இல்லை அவளுக்கு. அடையாளம் சொன்னாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 14, புதன்

மதியம் சின்னு கடைக்கு வந்தாள். எந்திரத்தை நிறுத்தினேன்.

"அவகிட்ட கேட்டேன் அண்ணி. அம்மா பேரு ஏன் அப்படின்னு."

நான் லென்ஸைத் துடைத்தேன்.

"வாயால சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, கையால சொல்லலாமான்னு என்னைக் கேட்டா." அவள் குரல் உயரவே இல்லை. "எந்தக் கிழமை அண்ணி?"

"வியாழன்."

"நான் கூட்டிட்டுப் போனது ஞாயித்துக்கிழமை."

"ஆமா."

"நடுவுல அவளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கவுன்டரின் கண்ணாடி மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "உங்க காலைப் பிடிச்சேனே" என்றாள். "எழுந்திருன்னு சொன்னீங்களே."

டாக்டர் சொன்ன அந்த 'லாம்' ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் லென்ஸை உறைக்குள் போட்டேன்.

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அந்தக் குழந்தைக்கு அம்மா இல்லாமப் போயிடும். நீங்களே சொல்லுங்க. சொல்ற வரைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அவளைப் பள்ளிக்கூடத்துல வந்து பாத்துக்கறேன்."

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாரும்மா, கஸ்டமரா?" என்றார்.

"இல்லைங்க. சொந்தக்காரங்க" என்றாள் சின்னு.

அக்டோபர் 15, வியாழன்

இன்று சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 16, வெள்ளி

அவருக்கு இரவு வேலை. நாளை.

நவம்பர் 2, திங்கள்

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். டிசம்பர். இந்த நேரத்தில் வீட்டில் குழப்பம் வேண்டாம்.

நவம்பர் 22, ஞாயிறு

மத்தியானம் துணி காயப்போட மொட்டை மாடியில் இருந்தேன். கீழே தெருவில் அவரும் டமாரமும். என்னைக் கூப்பிடச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவள் நிமிர்ந்து பார்த்துக் கையைக் காதில் வைத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே அதே மாதிரி கையைக் காதில் வைத்தார், இரண்டு மூன்று முறை, வேகமாக. நான் கையசைத்தேன்.

சாப்பிடும்போது அவர் சின்னுவின் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு ஞாயித்துக்கிழமை ஆச்சு, அவ இந்தப் பக்கமே வரல. நான்தான் மன்னிச்சுட்டேனே. இன்னும் என்ன?" என்றார்.

"குத்த உணர்ச்சிங்க" என்றேன். "அவ்வளவு சீக்கிரம் போயிடுமா?"

"பாவம்" என்றார்.

"ஆமா, பாவம்" என்று சொல்லி அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தேன்.